இரு நாட் குடியுரிமை

அந்நியச் செலாவணி என்ற சொல்லைக் கேட்டால் நம் நாட்டு ஆட்சியாளரின் முகம் மலர்வது வழக்கம். 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அப்படியொரு மலர்ச்சி தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே வாடவும் செய்தது. தன்பால் ஈர்ப்புடைய வெளிநாட்டுப் பயணிகளை இலங்கைக்கு வரவேற்கும் திட்டமொன்றுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை ஆதரவு தெரிவித்துக் கடிதம் வழங்கியது. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை முதலானோர் அதனைக் கண்டித்தனர். அரசியல்வாதிகள் சிலர் நாட்டின் பண்பாடே மூழ்கிவிட்டதெனக் குரலெழுப்பினர். பத்திரிகைகளில் பல நாள் வாதம் நடந்தது. ஆனால், வெளிநாட்டான் வரலாமா வரக்கூடாதா என்று வாதிட்டோரில் பெரும்பாலோர், உள்நாட்டான் வாழலாமா வாழக்கூடாதா என்ற கேள்வியைக் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியையே இன்று நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

சட்டம் என்ன சொல்கின்றது? வெள்ளைக்காரன் 1883இல் இயற்றி வைத்துவிட்டுப்போன தண்டனைச் சட்டக் கோவையின் 365ஆம் பிரிவு, 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடலுறவுக்குப் பத்து ஆண்டு வரை சிறை விதிக்கின்றது. 365அ பிரிவு, 'பாரதூரமான அநாகரிகச் செயல்' என்னும் மூடுசொல்லின் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கின்றது. அச்செயல் யாது என்று எங்கும் விளக்கவில்லை. அது பொது இடத்தில் நடந்தாலும் குற்றம். பூட்டிய கதவுக்குள் நடந்தாலும் குற்றம். 1995இல் இப்பிரிவைத் திருத்தினார்கள். என்ன திருத்தம்? 'ஆண்' என்றிருந்த சொல்லை எடுத்துவிட்டு 'ஆள்' என்று போட்டார்கள். அதுவரை ஆண்களை மட்டும் பிடித்த வலை, அன்றுமுதல் பெண்களையும் பிடிக்கலாயிற்று. நமது நாட்டில் சீர்திருத்தம் என்பது சில வேளைகளில் வலையை அறுப்பதன்று, அகலமாக்குவதே போலும்!

இவை செத்த சட்டங்கள், யாரையும் கடிப்பதில்லை என்று ஆறுதல் கூறுவோர் உளர். 2016 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் இப்பிரிவின்கீழ் வந்த வழக்கொன்றைத் தீர்த்தது. வயது வந்தோர் தம் விருப்பத்தோடு கூடுவதை அரசு காவல் காக்க வேண்டியதில்லை என்பதே இக்காலச் சிந்தனை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் சட்டம் சட்டமாக இருக்கும்வரை குற்றத்தீர்ப்பை நீக்க இயலாதென்று கூறி, சிறைத்தண்டனையை மட்டும் ஒத்திவைத்தது. 2020 ஒக்டோபரில், இக்குற்றச்சாட்டின்பேரில் கைதானோர் சிலரை இழிவான உடற்பரிசோதனைக்கு உட்படுத்திய செய்தியை மனித உரிமைகள் கண்காணிப்பகம் உலகறியச் செய்தது. செத்த பாம்பென்று எண்ணி மிதித்தவன் காலில்தான் நஞ்சேறுகின்றது.

அண்டை நாடாகிய இந்தியா இதே நோயிலிருந்து எவ்வாறு விடுபட்டது? அங்கே 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இருந்த 377ஆம் பிரிவை, வயது வந்தோரின் விருப்புறவைப் பொறுத்தமட்டில், 2018 செப்டெம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றமே செல்லாதென்று தீர்த்துவிட்டது. நமது நாட்டில் அவ்வழி அடைபட்டுள்ளது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 16ஆம் உறுப்புரையில், அதற்கு முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருப்பினும் செல்லுபடியாகும் என்று விதித்துவிட்டது. பின்னர் இயற்றிய சட்டங்களையும், பாராளுமன்றம் நிறைவேற்றி முடித்தபின், நீதிமன்றம் கேள்வி கேட்க இயலாது. ஆகவே இவ்விலங்கை அறுக்கும் கத்தி நீதியரசர் கையில் இல்லை. நாம் வாக்களித்து அனுப்பும் உறுப்பினர் கையில்தான் இருக்கின்றது.

அக்கத்தியை ஒருவர் எடுக்க முயன்றார். பிரேம்நாத் தொலவத்த என்னும் உறுப்பினர் தனியார் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அதனை எதிர்த்துச் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். அம்மசோதா அரசியலமைப்புக்கு எவ்வகையிலும் முரணானதன்று என்று 2023 மே மாதத்தில் நீதிமன்றம் தீர்மானித்தது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மையே போதும். இருந்தும் மசோதா வாக்கெடுப்புக்கு வராமலே கிடந்தது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் அற்றுப்போயிற்று.

இதனை மலைநாட்டு வாசகருக்கு ஏன் எழுதுகின்றீர்கள், இது கொழும்பாரின் விவகாரமன்றோ என்று கேட்கலாம். கொழும்பாரின் விவகாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இது எங்கே பிறந்து எங்கே போய் ஒளிகின்றது என்பதை அறிய, அண்மையில் நமக்கு ஒரு வாய்ப்புக் கிட்டியது.

ஹற்றனை அடுத்த தோட்டமொன்றில் பிறந்து, லயத்துக் காம்பராவில் விளக்கடியில் படித்து, இன்று ஆசிரியத் தொழில் புரியும் நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. தம்மைப் பற்றிய உண்மையை அவர் நம்மிடம் சொல்லிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மாதம் ஒருமுறை, சனி ஞாயிறு இரு நாட்களையும் கொழும்பில் கழிப்பது அவர் வழக்கம். வீட்டாரிடம் கருத்தரங்கு என்று சொல்வார். "ஒருமுறை உடன் வந்து பாருங்கள் அண்ணே, பார்த்தபின் எழுதுவதானால் எழுதுங்கள்" என்றார். சென்றோம்.

பஸ் வண்டி கினிகத்தேனை, கித்துல்கலை, எட்டியாந்தோட்டை என்று மலை இறங்க இறங்க, குளிர் குறைந்தது. நண்பரின் பேச்சுக் கூடியது. அவிசாவளையில் இறங்கித் தேநீர் பருகியபோது, ஊரில் நாம் கேட்டிராத உரத்த சிரிப்பொன்று அவரிடமிருந்து எழுந்தது. மாலையில் காலிமுகத்திடலில் நடந்தோம். 2022ஆம் ஆண்டு மக்கள் போராட்டத்தின்போது, ஜூன் 25ஆம் தேதி, வானவிற் கொடிகளை ஏந்தி ஓர் ஊர்வலம் சென்ற இடத்தை அவர் காட்டினார். 2004இல் தோன்றிய 'ஈக்குவல் கிரவுண்ட்' என்னும் அமைப்பு 2005 முதல் கொழும்பில் ஆண்டுதோறும் விழா எடுத்து வந்திருக்கின்றது. ஆனால் மண்டபங்களுக்குள் நடந்த விழாவுக்கும், திறந்த வெளியில் பொலிசாரின் கண்முன்னே நடந்த அந்த ஊர்வலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்கியபோது, குரல் சற்றே தழுதழுத்தது.

இரவு நாம் சென்ற இடத்தின் பெயரையும் தெருவையும் எழுதாது விடுகின்றோம். எழுதினால் ஆபத்து யாருக்கென்பதை வாசகர் அறிவர். அங்கே பெயர்ப்பலகை இல்லை. இடமும் நேரமும் கைத்தொலைபேசியில் அன்று பிற்பகல்தான் வந்தன. வாயிலில் ஒருவர் பெயரைச் சரிபார்த்து உள்ளே விட்டார். ஊரார் கற்பனை செய்யும் அநாசாரம் எதனையும் உள்ளே காணோம். திருமண வீட்டின் பின்கூடத்துக் கலகலப்பே அங்கு நிலவியது. வங்கியில் பணிபுரிவோர், கணினித் தொழிலோர், ஹோட்டல் சிப்பந்திகள், ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள். பைலாவுக்கு ஒரு சுற்று ஆடினார்கள். தமிழ்ச் சினிமாப் பாட்டுக்கு மறு சுற்று ஆடினார்கள். தேசிய ஒற்றுமைக்கென ஆணைக்குழுக்கள் அமைத்தும் நாடு காணாத காட்சியை அந்த ஒரு மண்டபத்தில் கண்டோம். கைகோத்து அமர்ந்திருந்த நடுவயதினர் இருவர், யாருடனும் பேசாமல், இரவு முழுவதும் அப்படியே அமர்ந்திருந்தனர். கைகோத்து அமர்வதற்காக மட்டுமே அவர்கள் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

நம் நெஞ்சை விட்டகலாத காட்சி ஒன்று உண்டு. புறக்கோட்டைத் துணிக்கடையொன்றில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் ஓரமாக நின்றான். நமது மலைநாட்டுத் தமிழ் காதில் விழுந்ததும், ஊர்க்காரரைக் கண்ட மகிழ்ச்சி அவன் முகத்தில் தோன்றவில்லை, அச்சமே தோன்றியது. எந்த ஊர் என்று கேட்டதற்குப் பதுளை என்றான். சற்று நேரம் கழித்துத் தானே வந்து, தலவாக்கலைப் பக்கம் என்று ஒப்புக்கொண்டான். "அண்ணே, தோட்டத்தில் யாரிடமும் சொல்லிவிட மாட்டீர்களே?" என்று கேட்டான். பொலிசுக்கு அவன் அஞ்சவில்லை, நமக்கு அஞ்சினான். 1883ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிலும் கொடிய சட்டமொன்றை நமது லயங்கள் எழுதி வைத்திருக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அந்த இரவின் நுழைவுக் கட்டணம், நண்பரின் தாயார் கொழுந்தெடுத்து ஈட்டிய இரண்டு நாட் கூலிக்குக் குறையாது. பஸ் செலவும் தங்குமிடச் செலவும் தனி. தாமாக இருப்பதற்கு அவர் செலுத்தும் வரி அது. செலுத்த வல்லவர்க்கு மாதத்தில் இரு நாட் குடியுரிமை. வல்லமை அற்றவர்க்கு அதுவும் இல்லை. இன்னொன்றையும் கவனித்தோம். மலைநாட்டுப் பெண் ஒருத்தியையேனும் அங்கே நாம் சந்திக்கவில்லை. அத்தகைய பெண்கள் நம்மிடையே இல்லையென்பது அதன் பொருளன்று. கருத்தரங்கு என்ற பொய்யைச் சொல்லிப் புறப்படும் சுதந்திரமும் அவளுக்கு இல்லை என்பதே பொருள்.

'அந்தரங்கம்' என்ற சொல்லைச் சட்ட அறிஞர் அழகாக விளக்குவர். ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் இடத்தில் அந்தரங்கம் எங்கே இருக்கின்றது? ஒரு சுவருக்கு அப்பால் இருமினால் நாலு காம்பராவுக்குக் கேட்கும். பெரட்டுக் களத்தில் காலையில் எழும் வம்பு, மாலைக்குள் அடுத்த டிவிசனுக்குப் போய்விடும். கொழும்பில் தனி வீடுடைய கனவானுக்கு இச்சட்டம் தாளில் உள்ள அச்சுறுத்தல். லயத்துப் பிள்ளைக்கோ அது மூச்சில் உள்ள அச்சுறுத்தல். ஏழைக்கு வீடில்லாமை அவனது அன்பையும் பறிக்கின்றது என்பதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

நமது பழக்கமோ வினோதமானது. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் காமன் கூத்து நடக்கின்றது. ரதியாக வேடமிடுபவன் வழிவழியாக ஓர் ஆண்மகனே. சேலை உடுத்தி, பூச்சூடி, மதனை இழந்து அவன் புலம்பும்போது தாய்மார் கண்ணீர் வடிக்கின்றனர்; தலைவர்கள் மாலை சூட்டுகின்றனர். அதே நடை, அதே நளினம், கூத்து முடிந்த மறுநாள் ஒரு பையனிடம் இயல்பாகக் காணப்பட்டால், சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொதுவான ஓர் இழிசொல் அவன் பின்னால் பறக்கின்றது. வேடத்தை வணங்குகின்றோம், உண்மையை உதைக்கின்றோம்.

இது மேனாட்டுச் சரக்கு என்பர் சிலர். மேனாட்டிலிருந்து வந்தது எது? ஆணை ஆண் விரும்புவதும் பெண்ணைப் பெண் விரும்புவதும் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உள்ளவை. கப்பலேறி வந்தது தண்டனைச் சட்டமே. அதனை ஏற்றி அனுப்பிய இங்கிலாந்து, தன் வீட்டில் 1967இலேயே ஆடவரின் தனிப்பட்ட உறவைக் குற்றமற்றதென ஆக்கத் தொடங்கிவிட்டது. எசமானன் எறிந்துவிட்ட சாட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, இது எங்கள் முப்பாட்டன் சொத்து என்று நாம் முழங்குவது நகைப்புக்குரியதன்றோ? நமது தொன்னூலாகிய தொல்காப்பியம், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்கும் உயர்திணையிலேயே இடம் வகுத்தது. பால் மாறியோர் வேறு, தன்பாலை விரும்புவோர் வேறு என்பதை நாம் அறிவோம். ஆயினும் தன் கண்ணில் வேறாகத் தெரிந்த மனிதரையும் அஃறிணையில் தள்ளாத இலக்கணம் நம்முடையது என்ற பெருமையை நாம் ஏன் இழக்க வேண்டும்?

இது நோய் என்பர் வேறு சிலர். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் தேதி நோய்ப் பட்டியலிலிருந்து இதனை நீக்கிவிட்டது. இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பதாகச் சொல்லிப் பணம் பறிப்பவனும், திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று கூறும் உறவினரும், ஒரு பிள்ளையின் வாழ்வை மட்டும் கெடுக்கவில்லை; ஒன்றுமறியாது அந்த வீட்டுக்கு வாழ வரும் பெண்ணின் வாழ்வையும் சேர்த்தே கெடுக்கின்றனர்.

சிறுவரின் பாதுகாப்பு என்னாவது என்று கேட்போரின் கவலையை நாம் மதிக்கின்றோம். சிறுவரைத் தீண்டும் கயவன் எப்பாலினன் ஆயினும் தண்டிக்கப்பட வேண்டும். அதற்கெனச் சட்டங்கள் தனியே உள்ளன. இங்கே நாம் பேசுவது வயது வந்த இருவர், தம் முழு விருப்பத்தோடு வாழும் வாழ்வைப் பற்றியே.

முதலில் கூலி, முதலில் காணி, முதலில் வீடு. இதெல்லாம் பிறகு என்பது இன்னொரு வாதம். நாளுக்கு 1,000 ரூபாய் என்ற கூலியை 2021இல் பெறுவதற்கு எத்தனை ஆண்டு போராடினோம் என்பது நமக்குத் தெரியும். அப்போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்களில் இத்தகைய இளைஞரும் இருந்தனர். கூலி கேட்கும்போது தோழன், வாழ்வு கேட்கும்போது அந்நியன் என்பது எந்தச் சங்கத்தின் கொள்கை?

இதனை வேறெவரையும்விட முதலிற் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. நம் முன்னோர் செய்த குற்றம் என்ன? களவா, கொலையா? பிறந்ததுதான் குற்றம். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று, மந்தையை எண்ணுவதுபோல் நம்மை எண்ணினார்கள். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு காகிதம் மனிதனைக் குற்றவாளி ஆக்கும் விதத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் அனுபவித்த மக்கள் நாம். பிறப்பினால் வந்த ஒன்றுக்காகத் தன் சொந்த நாட்டில் அஞ்சி ஒளிந்து வாழ்வது எப்படியிருக்கும் என்று நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்த வலியை மறந்து, நம் வீட்டுப் பிள்ளைக்கு நாமே நாடற்ற நிலையை விதிக்கலாமா?

மாறுவது கடினம் என்பது உண்மையே. ஆனால் இயலாததன்று. 2021ஆம் ஆண்டில், பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இளம்பெண்கள் இருவர், சென்னை உயர் நீதிமன்றத்திடம் பாதுகாப்புக் கேட்டனர். நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இவ்விடயத்தைத் தாம் முழுதும் அறியாதவர் என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் அறிஞரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். அதன் பின்னரே அவ்வாண்டு ஜூன் 7ஆம் தேதி விரிவான ஆணை பிறப்பித்தார். பொலிசார் துன்புறுத்தலாகாது என்றார். மாற்றிவிடுகிறோம் என்று மருத்துவம் செய்வதைத் தடுத்தார். அவ்வழக்கின் பயனாக, இத்தகையோரைக் கண்ணியமாக அழைப்பதற்குரிய தமிழ்ச் சொற்களைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. சொல் சிறிதென்று எண்ணற்க. இழிசொல்லை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, தன்னை அச்சொல்லாகவே எண்ணத் தொடங்கிவிடுகின்றது.

ஆகவே நமது வேண்டுகோள் இதுவே. நுவரெலியா மாவட்டம் பாராளுமன்றத்துக்கு எட்டு உறுப்பினரை அனுப்புகின்றது. 365, 365அ பிரிவுகளை வயது வந்தோரின் விருப்புறவுக்குப் பொருந்தாதவாறு திருத்தும் மசோதா மீண்டும் வருமாயின், ஆதரித்துக் கை உயர்த்துவார்களா என்று வாக்காளர் அவர்களைக் கேட்க வேண்டும். வராவிடின், ஏன் நீங்களே கொண்டுவரவில்லை என்று கேட்க வேண்டும். ஆசிரியர்கள், ஏளனத்துக்கு அஞ்சிப் பள்ளிக்கு வராது நிற்கும் பையனை இனங்கண்டு அவன் பக்கம் நிற்க வேண்டும். வைத்தியர்கள், பிள்ளையை இழுத்து வரும் பெற்றோரிடம் இது நோயன்று என்று ஒரே வார்த்தையில் உண்மையைச் சொல்ல வேண்டும். மாதர் சங்கங்கள், விருப்பமற்ற திருமணத்துக்கு எந்தப் பெண்ணையும் எந்த ஆணையும் தள்ளலாகாது என்று தீர்மானிக்க வேண்டும். தேயிலையும் மரக்கறியும் விளைவிக்கும் பெற்றோர்களே, உங்களிடம் நாம் கேட்பது இன்னும் எளிது. ஒரு நாள் உங்கள் பிள்ளை நடுங்கும் குரலில் ஓர் உண்மையைச் சொல்ல வந்தால், ஊர் என்ன சொல்லும் என்று முதலிற் கேளாதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

நமது மலைகளின் அழகைக் காட்டி உலகத்தாரை அழைக்கின்றோம். துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல இன்று விடுதிகளாகிவிட்டன. அங்கே வந்து தங்கும் வெளிநாட்டுத் தம்பதி இருவரும் ஆண்களாயினும், பெண்களாயினும், சிரித்த முகத்துடன் தேநீர் பரிமாறுகின்றோம். பரிமாறும் கை நம் பிள்ளையின் கை. அந்த விருந்தாளிக்கு உள்ள மரியாதையில் ஒரு பங்கு, தட்டை ஏந்தி நிற்கும் அவனுக்கும் உண்டா இல்லையா? அதற்கு விடை சொல்ல வேண்டியது பாராளுமன்றம் மட்டுமன்று, நாமும்தான்.